அட்டையின் மேல் எழும் நடுகல்: ஏஆர் கார்டு செய்வோருக்குச் சில பதில்கள்

டிரம்ப் கார்டு அளவில் உள்ளூர் சேகரிப்பு அட்டைகளை அச்சிட்டு, போன் கேமராவைக் காட்டினால் அவற்றின் மேல் படமோ உருவமோ எழும்படி (இதுதான் ஏஆர், அதாவது ஆக்மென்டட் ரியாலிட்டி) செய்ய முயல்வோர் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து எழுதிய கேள்விகள் இவை.

மாம்பழ ரகங்களை வைத்து 12 அட்டை அச்சிட்டோம். செந்தூராவைக் காட்டினால் நீலம் வருகிறது. சில அட்டைகளை அடையாளமே காண்பதில்லை. நல்ல போன் வாங்க வேண்டுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

போனை விடுங்கள், ஓவியத்தை மாற்றுங்கள். அது மாம்பழம் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. வெளிச்சமும் இருளும் சட்டென்று மாறுகிற கூர்மையான புள்ளிகளைத்தான் அது தேடுகிறது. வெள்ளைப் பின்னணியில் வழுவழுப்பான ஒரு பழத்தை வைத்தால் அப்படிப்பட்ட புள்ளிகள் மிகக் குறைவு. மிஞ்சுவது 12 அட்டைக்கும் பொதுவாகப் போட்ட பூவேலைச் சட்டம். எல்லா அட்டையிலும் அதே புள்ளிகள் இருந்தால் ஆள் மாறாட்டம் நடக்கத்தான் செய்யும்.

நிறத்தை நம்பியதும் ஒரு காரணம். மென்பொருள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கித்தான் ஒப்பிடுகிறது. செந்தூராவின் சிவப்பும் கிளிமூக்கின் பச்சையும் அங்கே ஒரே சாம்பலாகிவிடலாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் 12 படங்களையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கே குழம்பினால் அதற்கும் குழம்பும்.

ஒரு ரகத்துக்கு இலைக்கொத்தோடு காய், இன்னொன்றுக்கு வெட்டிய துண்டும் கொட்டையும், வேறொன்றுக்குக் கூடையில் அடுக்கிய பழம் என்று ஒவ்வொரு அட்டையின் அமைப்பையும் மாற்றுங்கள். சட்டத்தை 3 மில்லிமீட்டருக்குள் வெறும் கோடாக நிறுத்துங்கள். அழகுக்காகக் கோலத்தைப் பின்னணியாக்க வேண்டாம். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதால் எந்தப் புள்ளி எது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

ஓரத்தில் தடித்த கறுப்புச் சதுரம் போட்டே ஆக வேண்டுமா?
– வாசகர், ஓசூர்

வேண்டாம். 2007-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த 'தி ஐ ஆஃப் ஜட்ஜ்மென்ட்' விளையாட்டின் அட்டைகளில் கேமரா படிப்பதற்கென்றே தனிக் குறிகள் அச்சாகியிருந்தன. இன்று ஓவியமே குறியாகிவிடுகிறது.

நடுகல் அட்டைகள் செய்கிறோம். கல்லின் புகைப்படத்தைக் கேமரா பிடிப்பதில்லை. மேலும், அதன் மேல் எதைக் காட்டுவது?
– ஆசிரியர், பென்னாகரம்

உச்சி வெயிலில் எடுத்த படமாக இருக்கும். நேர் வெளிச்சத்தில் புடைப்பின் நிழல் மறைந்து, கல் ஒரே சாம்பலாகத் தெரியும். காலை 7 மணிவாக்கில், வெயில் பக்கவாட்டில் கல்லை உரசி விழும்போது எடுங்கள். இல்லையென்றால் மாலை இருட்டியபின் டார்ச்சைக் கல்லுக்கு ஓரமாகச் சாய்த்துப் பிடியுங்கள். வீரனின் வில்லும் வாளும் எழுத்தும் நிழலோடு எழுந்து வரும். எழுத்து தெரிவதற்காகக் கல்லில் சுண்ணாம்போ எண்ணெயோ பூசாதீர்கள், கல் கெடும். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துக் கற்களை எடுப்பதென்றால் முதலில் அனுமதி கேளுங்கள்.

சுற்றுகிற முப்பரிமாண வாளைவிட இங்கே பொருத்தமான ஒன்று இருக்கிறது. கல்லில் வட்டெழுத்து இருக்கிறதல்லவா? அதன் ஒவ்வொரு வரியின் மேலும் இன்றைய எழுத்தில் அதே வரி படியட்டும். பின்புலமில்லாத பிஎன்ஜி படமாக 744 × 1039 பிக்சலில் வரைந்தால், 63 × 88 மில்லிமீட்டர் அட்டையோடு கச்சிதமாகப் பொருந்தும். பிள்ளை அட்டையைக் கையில் பிடித்தபடியே பழைய எழுத்தையும் புதிய எழுத்தையும் ஒப்பிட்டுப் படிக்கலாம். வீடியோவால் இதைத் தர முடியாது.

செலவில்லாமல் செய்யும் வழியைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.
– வாசகர், பாலக்கோடு

இலவசமான மைண்ட்-ஏஆர் போதும். உலாவியிலேயே ஓடும், செயலி இறக்க வேண்டியதில்லை. அதன் இணையதளத்தில் உள்ள கம்பைலரில் (படங்களை மென்பொருள் படிக்கும் கோப்பாக மாற்றும் கருவி) அட்டைப் படங்களை ஏற்றினால் எந்தெந்தப் புள்ளிகளைப் பிடித்தது என்று காட்டும். புள்ளிகள் ஒரு மூலையில் மட்டும் குவிந்திருந்தால் ஓவியத்துக்குத் திரும்புங்கள். அட்டை முழுக்கப் பரவியிருந்தால் அது தரும் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

ஏற்றிய வரிசைதான் அட்டையின் எண். முதல் படம் 0, அடுத்தது 1. பிறகு ஒரு புதுப் படத்தை நடுவில் செருகிக் கம்பைல் செய்தால் அதற்குப் பிந்தைய எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். புதியதைக் கடைசியில் மட்டும் சேருங்கள்.

அட்டையின் அகலத்தை மென்பொருள் 1 என்று கொள்ளும். மேலே வைக்கும் படத்தின் உயரம் 1.4 ஆக இருக்க வேண்டும். 1 என்று விட்டால் நசுங்கித் தெரியும். படம் நடுங்கினால் மைண்ட்-ஏஆர் அமைப்புகளில் நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் 'ஃபில்டர்-மின்-சிஎஃப்' (filterMinCF) மதிப்பை 0.001-லிருந்து 0.0001-க்குக் குறைத்துப் பாருங்கள். நடுக்கம் அடங்கும், ஆனால் அட்டையை வேகமாக அசைத்தால் படம் சற்றுப் பின்தங்கி வரும்.

இப்படிச் செய்த இணையப் பக்கத்தை, பக்கங்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் இலவசமாக வைக்கலாம். முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்காவிட்டால் உலாவி கேமராவைத் திறக்காது. "என் கணினியில் வேலை செய்தது, போனில் வரவில்லை" என்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வீடியோ சேர்த்தால் ஒலியில்லாமல் தொடங்கி, தட்டினால் ஒலி வருமாறு வையுங்கள். ஒலியோடு தானாக ஓடுவதை உலாவிகள் தடுத்துவிடும்.

அச்சகத்தில் என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், கிருஷ்ணகிரி

350 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, இரு பக்கமும் மேட் லேமினேஷன். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அட்டை வளையும். வளைந்த அட்டையில் மேலெழும் படம் மிதப்பதுபோல் நழுவும். பளபளப்பு லேமினேஷனில் டியூப்லைட் வெள்ளைப் பட்டையாக விழுந்து புள்ளிகளை மறைக்கும். பளபளப்பான பிளாஸ்டிக் உறையும் அப்படித்தான். மின்னும் ஃபாயில் ஆசையிருந்தால் பெயர் எழுத்தோடு நிறுத்துங்கள். கோணம் மாறும்போது அதன் தோற்றமும் மாறுவதால் அதை அடையாளமாகக் கொள்ள முடியாது.

சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது கழியும் கூடுதல் ஓரம்) விட்டால் ஒரு அட்டை 69 × 94. 12 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் உள்ள தாளில் அட்டைகளைப் படுக்கை வசமாக வைத்தால் 18 அடங்கும். நிறுத்தி வைத்தால் 16 தான். அடுக்குவதை அச்சகத்தில் சொல்லிச் செய்யுங்கள்.

சித்தேரி மலைப் பள்ளிகளில் பக்கம் திறக்கவே நேரமாகிறது.
– வாசகர், அரூர்

20 அட்டைக்குத் தலா 5 எம்பி உருவம் என்றால் 100 எம்பி. அதை மொத்தமாகத் திறக்கச் சொன்னால் போன் திணறும். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் 18 மில்லிமீட்டரில் ஒரு க்யூஆர் குறி அச்சிடுங்கள். அதை ஸ்கேன் செய்தால் அந்த ஒரு அட்டைக்கான பக்கம் மட்டும் திறக்கட்டும்; பிறகு அட்டையைத் திருப்பி முன்பக்கத்தைக் காட்டினால் போதும். ஓர் உருவம் 2 எம்பியைத் தாண்டாமல் சுருக்குங்கள். காவேரிப்பட்டணம் வாசகரின் ஆள் மாறாட்டமும் இந்த வழியில் தீரும்.