பல் எடுத்த வாய்க்கு என்ன கொடுப்பது?

கேள்வி: என் கணவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் எலும்புக்குள் சாய்ந்து படுத்திருந்ததால், ஈறைக் கீறி எடுத்து மூன்று தையல் போட்டிருக்கிறார்கள். "மெத்தென்று சாப்பிடக் கொடுங்கள்" என்றார் டாக்டர், அவ்வளவுதான். மாமியார் முட்டை, மீன், தயிர் எதுவும் புண்ணுக்கு ஆகாது, சீழ் பிடிக்கும் என்கிறார். இரண்டு நாளாக வெறும் அரிசிக் கஞ்சிதான். கணவரோ மோஹிங்கா (மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ்) வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். என்ன செய்யட்டும் அக்கா?
- வாசகி, யாங்கோன்

பதில்: இன்றைக்கே முட்டை கொடுங்கள் அம்மா. முட்டையாலும் தயிராலும் மீனாலும் சீழ் பிடிக்காது, கிருமி புகுந்தால்தான் பிடிக்கும். கீறிய சதை மூடப் புரதம் வேண்டும், வெறும் கஞ்சியில் அது போதாது. கருவாடு மட்டும் இப்போதைக்கு வேண்டாம், அதுவும் சீழுக்குப் பயந்து இல்லை, முள்ளும் உப்பும் புண்ணை உறுத்தும் என்பதால்தான். மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் பத்தியம் பார்க்கிறார். கஞ்சியை அவரே வைக்கட்டும், அதில் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைப் போட்டுக் குழைய வேகவிட்டு, இறக்குகிற நேரத்தில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகும் வரை கிளறச் சொல்லுங்கள்.

"மெத்தென்று" என்ற ஒரு சொல்லோடு டாக்டர் நிறுத்திக்கொண்டதுதான் எனக்கு வருத்தம். பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டி உட்காரும். அடியில் இருக்கிற எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி. அது கரைந்தோ பெயர்ந்தோ போய்விட்டால் ட்ரை சாக்கெட் என்கிற தொல்லை, பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வரும், வலி காது வரை ஏறும். எனக்கு வந்திருக்கிறது. பல் எடுத்த மறுநாள், தண்ணீர்தானே என்று இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக் குடித்தேன். மூன்றாம் நாள் ராத்திரி தலையணையில் கன்னத்தை வைக்க முடியவில்லை. அதிலிருந்து யார் கேட்டாலும் மெத்தென்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், உறிஞ்ச வேண்டியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா, குழிக்குள் போய் மாட்டிக்கொள்கிற துகள் இருக்கிறதா என்றும் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

இப்போது மோஹிங்காவுக்கு வருவோம். மீனும் கடலை மாவும் சேர்ந்த குழம்பு நல்ல சத்துதான். ஆனால் நாம் நூடுல்ஸை உறிஞ்சித்தானே சாப்பிடுகிறோம், அதுவும் ஆவி பறக்க; மேலே பொரித்ததை நொறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். அவர் ஆசைப்படுவதால் இன்றைக்கு வெறும் குழம்பை மட்டும் வாங்கி, முள்ளும் வாழைத்தண்டு நாரும் போக வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறியதும் ஸ்பூனில் கொடுங்கள். நாலைந்து நாள் கழித்து வீக்கம் வடிந்த பிறகு நூடுல்ஸைக் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கிப் போட்டு, மற்றப் பக்கத்தில் மெல்லச் சொல்லலாம்.

ஷான் இனத்தாரின் சாப்பாட்டுக் கடையில் கிடைக்கிற தோஃபு நுவேயை நான் இன்னும் மேலாகச் சொல்வேன். கடலை மாவைக் கூழாகக் கிண்டியது, புரதமும் உண்டு, மெல்லவே வேண்டாம். நூடுல்ஸ், வேர்க்கடலை, மிளகாய் எண்ணெய் எதுவும் போடாமல் கேட்டு வாங்கி ஆறவைத்துக் கொடுங்கள். பட்டர் பழத்துக்கு மிக்ஸி தேவையில்லை, கரண்ட் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம், கரண்டியால் மசித்துப் பாலோ தயிரோ சேர்த்தால் போதும். ரவையில் செய்யும் சன்வின் மாகின் மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் மேலே கசகசா தூவியிருந்தால் அந்தப் பக்கத்தைச் சீவிவிடுங்கள், அந்த மணி ஒன்று குழியில் இறங்கினாலே போதும் தொல்லைக்கு. லப்பெத் (ஊறவைத்த தேயிலைக் கலவை) அறவே வேண்டாம், பொரித்த பருப்பும் எள்ளும் கடலையும்தானே அதில் பாதி. காலையில் விற்கிற கவுனிச் சோறும் வேண்டாம், பிசின் மாதிரி ஒட்டும். நம் வீட்டு இட்லியை மிளகாய் குறைத்த ரசத்தில் ஊறவைத்துக் கொடுக்கலாம்.

முதல் 24 மணி நேரம் கடந்துவிட்டதால் இனி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு வாயில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேகமாகக் கொப்பளித்துத் துப்பக் கூடாது, தலையைச் சாய்த்து அதுவாக விழ விட வேண்டும். வலி மாத்திரை வெறும் வயிற்றில் வேண்டாம். வீக்கம் இரண்டு மூன்று நாள் கூடி அப்புறம்தான் குறையும், அதற்குப் பயப்படாதீர்கள். ஆனால் மூன்று நாள் கழிந்தும் வலி கூடிக்கொண்டே போனாலோ, வாயில் கெட்ட வாடையும் காய்ச்சலும் வந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பல் எடுத்து மூன்று நாள்தான் ஆகிறது, வெற்றிலை இல்லாமல் இருக்க முடியவில்லை என்கிறார். புகையிலை சேர்க்காமல் பாக்கை இடித்துக் கொடுக்கலாமா?
- வாசகர், தட்டோன்

பதில்: வேண்டாம் தம்பி. இடித்த பாக்கு முழுப் பாக்கைவிட மோசம், தூள் நேராகக் குழிக்குள் போகும். சுண்ணாம்பு புண்ணை எரிக்கும், துப்பும்போது ரத்தக்கட்டி பெயரும். புகையிலை இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று நம் ஊரில் நினைக்கிறார்கள், அதுவும் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட தொகுப்பில், வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்திருக்கிறது. மூன்று நாள் தாங்கியவர் மேலும் தாங்குவார், கூடவே உட்கார்ந்து ஆறிய தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். வாய் முன்போல் அகலத் திறக்கவில்லை என்றாலோ, கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டோ இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தாலோ அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் மறக்காமல் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். நான்கு பல் எடுத்தார்கள். கஞ்சி கொடுத்தால் சர்க்கரை ஏறுகிறது என்று பயந்து சாப்பாட்டைக் குறைத்துவிட்டோம், மாத்திரை மட்டும் போடுகிறார். சரிதானா?
- வாசகி, மோல்மேன்

பதில்: சரியில்லை அம்மா, இதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், எவ்வளவு என்று இன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள். அரிசியைக் குறைத்து, மசித்த பருப்பு, தயிர், குழைந்த முட்டை, முள் நீக்கி மசித்த மீன் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு உடனே பரிசோதித்துப் பாருங்கள், ஸ்ட்ரா வேண்டாம், தம்ளரில் வாய் வைத்தே குடிக்கட்டும்.