கேளுங்க சொல்றோம்: கீழக்கரை பள்ளிவாசல்ல கோயில் தூணு எப்படி வந்துச்சு?

கேள்வி: கீழக்கரை ஜும்மா பள்ளிக்கு போயிருந்தேன் சார், கல் தூணு, தூணு மேல உத்தரம் தாங்குற போதிகைன்னு உள்ள நின்னா கோயில் மண்டபம் மாதிரியே இருக்கு. கோயிலை இடிச்சு கட்டுனதுன்னு ஃப்ரெண்டு சொல்றான், அப்படியா? (வாசகர், பரமக்குடி)

பதில்: அந்த ஃப்ரெண்டை கூட்டிட்டு போயி தூணை கிட்ட நின்னு பாக்கச் சொல்லுங்க தம்பி. கொடி, பூ, கட்டம் கட்டமா வேலைப்பாடு எல்லாம் இருக்கும், ஆனா யாளி, குதிரை, மனுச உருவம்னு ஒண்ணு கிடைக்காது, ஏன்னா பள்ளிக்குன்னே செதுக்குன தூணு அது. 17ம் நூற்றாண்டுல வள்ளல் சீதக்காதி கட்டுனதா சொல்றாங்க, கப்பல் வச்சு வியாபாரம் பண்ண மரைக்காயர், ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு ரொம்ப நெருக்கம். அந்தக் காலத்துல கல்லுவேலைன்னா கோயில் வேலை செய்ற சிற்பிகளைத்தான கூப்பிடணும், அவங்களுக்கு தெரிஞ்ச கைவேலை அதுதான், உருவம் மட்டும் வேணாம்னு சொல்லியிருப்பாங்க, அவ்வளவுதான் விசயம்.

இதே மாதிரி பாட்டுலயும் நடந்துச்சு. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு கொடுத்ததும் சீதக்காதிதான். 5,000 பாட்டுக்கு மேல, நபிகள் வரலாறு. அதுல நாட்டுப்படலத்தை எடுத்து பாருங்க, அரபு நாட்டுல மழை கொட்டி ஆத்துல வெள்ளம் பெருகி வயல்ல நாத்து நட்டுக்கிட்டு இருப்பாங்க! ராம்நாடு வெயில்ல உக்காந்து படிச்சா நமக்கே பொறாமையா இருக்கும். காப்பியம்னா நாட்டு வளம் பாடித்தான் ஆரம்பிக்கணும், அது தமிழ் மரபு, புலவர் விட்டுக் கொடுக்கல.

கேள்வி: அப்போ சேதுபதி காலத்துல மதச் சண்டையே இல்லையா? (வாசகி, தொண்டி)

பதில்: அப்படி சர்க்கரை தடவி சொல்ல மாட்டேன்மா. சீதக்காதியை பக்கத்துல வச்சிருந்த அதே கிழவன் சேதுபதி ஆட்சியிலதான் 1693ல ஓரியூர்ல போர்ச்சுகல்ல இருந்து வந்த கிறிஸ்தவ பாதிரியார் அருளானந்தரை வெட்டுனாங்க. மறவர் தலைவரான தடியத்தேவர் அவரால கிறிஸ்தவரா மாறி ஒரு மனைவியை மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்களை விலக்கிட்டாரு, அதுல ஒருத்தர் சேதுபதி வீட்டு சொந்தம், போதாக்குறைக்கு தடியத்தேவர் பட்டத்துக்கும் உரிமை கோரக்கூடிய ஆளு. மதம், குடும்பம், அரசியல் மூணும் சேந்து வெடிச்சது அது. மரைக்காயர் கப்பல் விட்டா சேதுநாட்டுக்கு வருமானம், அதனால அங்க உறவு இனிச்சுச்சு, என்னைக் கேட்டா பாதிக்கு மேல வியாபாரம்தான். இன்னிக்கு அருளானந்தர் ரத்தம் பட்டதா நம்புற அந்த ஓரியூர் செம்மண்ணை எல்லா சாதி மதத்துக்காரங்களும் அள்ளிட்டுப் போறாங்க, ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழாவுக்கும் அப்படித்தான் கூட்டம்.

கேள்வி: தொதல் நம்ம ஊரு பலகாரமா? (வாசகர், மண்டபம்)

பதில்: மலாய், இந்தோனேசியா பக்கமும் இலங்கையிலயும் இதே பலகாரம் உண்டு, கப்பல்காரங்க வழியா வந்ததுன்னுதான் தோணுது. ஆனா கீழக்கரை ஆளுங்ககிட்ட போயி வெளியூரு பலகாரம்னு சொல்லிப் பாருங்க, வாங்கிக் கட்டிக்குவீங்க. அரிசி மாவு, தேங்காப்பாலு, கருப்பட்டி, அவ்வளவுதான், ஆனா மணிக்கணக்கா கை எடுக்காம கிண்டணும், எண்ணெய் பிரிஞ்சு சட்டியில ஒட்டாம உருண்டு வர்ற வரைக்கும். நடுவுல போனு வந்தா எடுக்காதீங்க, அடிப்பிடிச்சுரும். ஃப்ரிட்ஜ்ல வேற வச்சுராதீங்க, இறுகிப் போயிரும்.