தீர்ப்பு வந்துவிட்டது, பணிப்பதிவேட்டில் ஏறியதா?

கேள்வி: ஐயா, நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளர். 2017-ல், அப்போதைய வேலூர் மாவட்டத்தின் ஒரு தாலுகா அலுவலகத்தில் இருந்தபோது, கோப்பு காணாமல் போனதாக 17(பி), அதாவது கடும் தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை, கொடுத்தார்கள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யக்கூட விடாமல் டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். வழக்கு நடந்த காலத்தில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதினேன். உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்து, பணித்தொடர்ச்சியுடன் சேர்க்கச் சொன்னது. சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, வரும் தபால்களைப் பதிவு செய்து பிரிவுகளுக்கு அனுப்பும் தபால் சீட்டில் இருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் உதவியாளர்களாகிவிட்டார்கள். "டிஸ்மிஸ் ஆனவங்க" என்ற பேச்சும் காதில் விழுகிறது. 44 வயதில் எங்கிருந்து தொடங்குவது?
— பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: சகோதரி, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால், அக்கம்பக்கத்துப் பேச்சைப் பற்றி எழுதிய நீங்கள், உங்கள் எஸ்.ஆர். (பணிப்பதிவேடு) எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அதுதான் கவலை.

2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தபோது நீங்கள் வேலையில் இல்லை. இல்லாத ஆளின் பதிவேட்டை யார் தேடி எடுத்து வைத்திருப்பார்கள்? பழைய தாலுகா இப்போது எந்த மாவட்டத்தில் இருக்கிறது, உங்கள் பெயர் எந்த மாவட்ட முதுநிலைப் பட்டியலில் ஏற வேண்டும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவேடு கிடைத்ததும் டிஸ்மிஸ் பதிவு இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். அதன் கீழே, ரத்து செய்த தீர்ப்பின் எண்ணும் தேதியும், மறுபடி சேர்த்த ஆணையின் எண்ணும், அலுவலகத் தலைவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள் என்பதும் அங்கேயே வர வேண்டும். ஊதிய உயர்வு, ஒரே பதவியில் பத்தாண்டு முடித்தால் வரும் தேர்வுநிலை எல்லாம் அதை வைத்துத்தான். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிஸ்மிஸ் ஆகி, பெரும்பாலோர் திரும்பி வந்தது நினைவிருக்கும். ஊழியர்களின் பணி விவரங்களைப் பார்க்கும் பணியமைப்புப் பிரிவில் இருந்த எனக்கு, திரும்பிய சந்தோஷத்தில் பதிவைப் பார்க்காமல் விட்டவர்கள் ஓய்வு பெறும்போது அலைந்தது நன்றாகவே தெரியும்.

அப்புறம் சம்பள பாக்கி. தீர்ப்பை நிதானமாகப் படியுங்கள். விசாரணை முறையாக நடக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் ரத்தா, குற்றச்சாட்டே நிற்காது என்று ரத்தா? அரசு ஊழியர் சம்பளத்துக்கான அடிப்படை விதிகளில் 54-ஏ இந்த இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. குற்றச்சாட்டே விழுந்திருந்தால் முழுச் சம்பளம், அந்தக் காலம் முழுவதும் பணிக்காலம். முறை தவறியது மட்டும்தான் காரணம் என்றால், எவ்வளவு தருவது என்று அதிகாரி முடிவு செய்வார். அதற்குமுன் உங்களுக்கு நோட்டீஸ் வரும். அதை அலட்சியமாக விடாதீர்கள். புதிதாக விசாரணை நடத்த நீதிமன்றம் அனுமதித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆம்பூரில் வாங்கிய சம்பளத்தை மறைக்க வேண்டாம், அதைக் கழித்துத்தான் பாக்கி போடுவார்கள். பொய்ச் சான்று கொடுத்தால் அதற்கே இன்னொரு 17(பி) வரும்.

பதவி உயர்வுக்குத் தனி மனு கொடுங்கள். பணிமூப்பில் உங்களுக்கு அடுத்த இளையவர் எந்தத் தேதியில் உதவியாளரானாரோ, அந்தத் தேதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வேலை செய்யத் தயாராக இருந்தவரைத் தடுத்து வைத்துவிட்டு "வேலை செய்யாததற்குச் சம்பளமில்லை" என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது என்று 1991-லேயே ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞரிடம் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள். பாக்கி இருக்கும் துறைத்தேர்வுகளையும் எழுதிவிடுங்கள், டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. தேர்வு பாஸாகாமல் பதவி உயர்வுக்கான பேனலில் (தகுதியானோர் பட்டியலில்) பெயர் வராது. அந்தச் சாக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தபால் சீட்டை அவமானமாக நினைக்காதீர்கள். கோப்பு தொலைந்தது என்று பழி சுமந்தவர் நீங்கள். எந்தத் தபால் எந்தப் பிரிவுக்கு, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்று அன்றன்றே பதிவேட்டில் ஏற்றுங்கள். பின்னால் சொந்தப் பிரிவு வரும்போது தன்பதிவேட்டையும் (உங்களிடம் வரும் தபால்கள், அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையின் பதிவேடு) அப்படியே எழுதுங்கள். பேசுபவர்களிடம் தீர்ப்பு நகலை நீட்டி வாதாட வேண்டாம். அலுவலகத்தில் நியாயமான நாலு பேராவது இருப்பார்கள், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஒரு தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். தீர்ப்பு சொன்னதை முழுக்கச் செய்யாமல் இழுத்தடித்தால், மீறல் நடந்த ஓராண்டுக்குள் நீதிமன்ற அவமதிப்பு மனு போட வேண்டும். நான்கு மாதம் ஏற்கெனவே போய்விட்டது, இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.