ஊசித் திகதி தவறினால்? கொழும்புப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

கொட்டாஞ்சேனைத் தாய்: மகனுக்கு 13 மாதம். ஊரில் நின்றதால் 9ஆம் மாத எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி) போடவில்லை. எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேணுமா?

பதில்: வேண்டாம். போட்ட ஊசி வீணாகாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 12 மாதத்தில் போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் உங்களுக்கு நிலுவை. இரண்டிலும் இருப்பது வலுக்குறைத்த உயிர்க்கிருமி. ஒரே நாளில் வெவ்வேறு இடத்தில் போடலாம். இல்லையென்றால் இடையில் 4 கிழமை விட வேண்டும். 10 நாளில் மற்றதைப் போட்டால் அது சரியாகப் பிடிக்காமல் போகலாம். கிளினிக் நாளிலேயே போங்கள். கரைத்த எம்.எம்.ஆர். குப்பி 6 மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது; ஒரு பிள்ளைக்காகப் பலருக்கான குப்பியை உடைக்க மிட்வைஃப் தயங்குவது அதனால்தான்.

வெள்ளவத்தைத் தந்தை: பிள்ளைக்குத் தடுமல். ஊசி போடலாமா? காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் பாணி எவ்வளவு?

பதில்: தடுமல் தடையல்ல, கடும் காய்ச்சலென்றால் மட்டும் தள்ளுங்கள். போட்டபின் 20 நிமிடம் அங்கேயே இருங்கள். பரசிட்டமோலை வயதுக்கல்ல, நிறைக்கு அளக்க வேண்டும்: கிலோவுக்கு 15 மி.கி., 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 5 மி.லீ.யில் 120 மி.கி. உள்ள பாணியென்றால் 6 கிலோ பிள்ளைக்கு 3.75 மி.லீ. கரண்டி வேண்டாம், சிரிஞ்சால் அளங்கள். லேபிளையும் பாருங்கள்: சொட்டு மருந்து இதைவிடச் செறிவானது, அதே அளவு ஊற்றினால் மிகையாகிவிடும். எம்.எம்.ஆர். காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 12 நாளில்தான் வரும். அதற்குள் பலர் ஊசியையே மறந்திருப்பார்கள்.

தெமட்டகொடைத் தாய்: மகள் சென்னையில் பிறந்தவள், அரசு ஊசிகளே போட்டோம். முதலாம் ஆண்டில் சேர்க்கப் போகிறோம். இன்னும் ஏதாவது ஊசி போட வேணுமா?

பதில்: திகதியுள்ள அட்டையோடு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் போங்கள். திகதி இருந்தால் அந்த ஊசி கணக்கில் வரும். இந்தியாவில் அரசுத் திட்டத்தில் எம்.ஆர். (சின்னமுத்து, ருபெல்லா) மட்டுமே, கூகைக்கட்டுக்கான பகுதி அதில் இல்லை. மூளைக்காய்ச்சல் ஊசியும் குறிப்பிட்ட மாவட்டங்களில்தான். இந்த இரண்டையும் கேட்டுப் போடுங்கள். 5 வயதில் போடும் டி.டி.யும் (தொண்டைக்கரப்பான், ஏற்புவலி ஊசி) போலியோச் சொட்டும் தனி.

கிராண்ட்பாஸ் தந்தை: தொடர்மாடியில் எல்லாப் பிள்ளைகளும் போட்டாயிற்று. எங்கட பிள்ளைக்கும் அவசியமா?

பதில்: எதிர்ப்புச்சக்தி இல்லாத இடத்தில் ஒரு சின்னமுத்து நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றுவார். அதைத் தடுக்க 100க்கு 95 பேருக்காவது எதிர்ப்புச்சக்தி வேண்டும். சின்னமுத்து ஒழிந்ததாக 2019இல் இலங்கைக்குச் சான்று கிடைத்தது; 2023இல் கொழும்பிலும் மீண்டும் பரவியது. உங்கள் படிக்கட்டில் 9 மாதம் நிறையாத கைக்குழந்தை இருந்தால் அதற்கு இன்னும் எம்.எம்.ஆர். போட்டிருக்க மாட்டார்கள். உங்கள் பிள்ளை இருமினால் முதலில் மாட்டுவது அதுதான்.