ரொறன்ரோவில் பிள்ளைகளுக்குப் பாடசாலை: கொக்குவில் சகோதரியின் கேள்விகளுக்கு என் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நிரந்தர வதிவிட உரிமையுடன் வரும் ஓகஸ்ட் மாதம் கொக்குவிலிலிருந்து ஸ்காபரோவுக்குக் குடும்பமாக வரவிருப்பதாகவும், இந்த ஆண்டு 14 வயதாகும் மகனுக்கும் 4 வயதாகும் மகளுக்கும் நல்ல பாடசாலை தேடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தரவரிசையில் முன்னிற்கும் பாடசாலையொன்றின் அருகில் கூடுதல் வாடகை கொடுத்தாவது வீடு எடுக்கும்படி உறவினர் சொல்கிறார், அது சரியா என்பது உங்கள் முதற் கேள்வி. மகனை ஈ.எஸ்.எல். வகுப்பில், அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்பில், போட்டால் அவன் பின்தங்கிவிடுவானா என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விதான் அதிக கவனத்துக்குரியது என்று நான் கருதுகிறேன். ஆயினும் முதற் கேள்வியில் பணம் சம்பந்தப்பட்டிருப்பதால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நம் ஊரில் பாடசாலையின் பெயருக்கு உள்ள பெறுமதியை நாம் எல்லோரும் அறிவோம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை தேசிய பாடசாலைக்குப் போகும். அங்கே ஆசிரியர் வளமும் ஆய்வுகூடமும் பழைய மாணவர் சங்கத்தின் பணமும் சேர்ந்திருக்கும். அந்தக் கணக்கை அப்படியே இங்கு கொண்டுவரக் கூடாது. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை 1998ஆம் ஆண்டில் ரொறன்ரோ, நோர்த் யோர்க், ஸ்காபரோ, எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க் ஆகிய ஆறு சபைகளை ஒன்றாக்கி அமைக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 580 பாடசாலைகளும் 240,000 அளவிலான மாணவர்களும் உள்ள இது கனடாவின் மிகப் பெரிய கல்விச் சபையாகும். அந்த இணைப்போடு, சபைகள் தாமே சொத்துவரியை நிர்ணயித்துச் செலவிடும் முறையும் முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் ஒன்ராறியோ மாகாண அரசே மாணவர் தொகையையும் அவர்களுடைய தேவைகளையும் கணக்கிட்டுச் சபைக்குப் பணம் ஒதுக்குகிறது. ஆசிரியர்களின் தகைமையும் சம்பள அளவும் எல்லாப் பகுதிகளுக்கும் ஒன்றுதான். வசதியான பகுதிகளில் பெற்றோர் நிதி திரட்டி மேலதிகமாகச் சிலவற்றைச் செய்துகொள்கிறார்கள் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. மறுபுறத்தில், சபை தன் பாடசாலைகளைச் சூழவுள்ள குடும்பங்களின் வருமானம், பெற்றோரின் கல்வி போன்றவற்றைக் கொண்டு ஒரு சுட்டெண்ணைத் தயாரித்து, அதிக நெருக்கடியில் உள்ள பாடசாலைகளுக்கு மேலதிக வளங்களை வழங்குகிறது. அத்தகைய பாடசாலைகளுக்கென்றே 2006இல் தனித் திட்டமொன்றும் தொடங்கப்பட்டது.

உங்கள் உறவினர் சொல்லும் தரவரிசை பெரும்பாலும் பிரேசர் என்னும் ஆய்வு நிறுவனம் வெளியிடும் பட்டியலாக இருக்கும். ஈ.கியூ.ஏ.ஓ. என்னும் மாகாண அமைப்பு பாடசாலைகளில் நடத்தும் சோதனைகளின் பெறுபேறுகளை அடிப்படையாகக் கொண்டது அது. ஆரம்பப் பிரிவில் மூன்றாம், ஆறாம் வகுப்புகளிலும், இடைநிலைப் பிரிவில் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்திலும் பத்தாம் வகுப்பு மொழியறிவிலும் அந்தச் சோதனைகள் நடக்கின்றன. பட்டதாரிப் பெற்றோர் நிறைந்த, வீட்டில் ஆங்கிலம் பேசப்படும் பகுதியில் பெறுபேறு உயர்ந்து நிற்பதும், நேற்று வந்திறங்கிய குடும்பங்கள் நிறைந்த பகுதியில் தாழ்ந்து நிற்பதும் இயல்பு. அந்த எண்ணைப் பார்த்து ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்பதை அறிய முடியாது. ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் அதிகமாக உள்ள பாடசாலையிலேயே ஈ.எஸ்.எல். ஆசிரியர்களும், குடியேறிகளுக்கு உதவும் பணியாளரும், சில வேளை தமிழ் பேசும் அலுவலரும் இருப்பார்கள். பட்டியலின் உச்சியில் உள்ள பாடசாலையில் உங்கள் மகனுக்குத் தேவையான ஈ.எஸ்.எல். வகுப்பே இல்லாமலும் இருக்கலாம். வாடகைக்கென்று கணவர் இரண்டாவது வேலைக்குப் போய், பிள்ளைகள் தகப்பனைக் காணாமல் வளர்வதை விட, கட்டுப்படியாகும் வீட்டில் இருந்துகொண்டு அருகிலுள்ள பாடசாலைக்கு அவர்களை அனுப்புவதே மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒவ்வொரு வீட்டு முகவரிக்கும் ஓர் ஆரம்பப் பாடசாலையும் ஓர் இடைநிலைப் பாடசாலையும் உரியனவாகக் குறிக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு நடுநிலைப் பாடசாலை தனியாக உண்டு. வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சபையின் இணையத்தளத்தில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே தெருவின் இரு பக்கங்கள் வெவ்வேறு பாடசாலைகளுக்கு உரியனவாக இருப்பதுண்டு. எல்லைக்கு வெளியே உள்ள பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் இடம் இருந்தால் மட்டுமே கிடைக்கும். விண்ணப்பக் காலமும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும் என்பதால் ஓகஸ்டில் வருபவர்களுக்கு அது உதவாது. நீங்கள் கத்தோலிக்கராக இருந்தால் ரொறன்ரோ கத்தோலிக்கக் கல்விச் சபையும் அரச பணத்தில் இயங்கும் கட்டணமற்ற சபைதான். அதன் ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள், இடைநிலைப் பாடசாலைகளில் பிற சமயத்தவரையும் சேர்ப்பார்கள்.

இனி மகனைப் பற்றி. இங்கே வயதுக்கேற்றபடியே வகுப்பு. 14 வயது நிறையும் ஆண்டின் செப்ரெம்பரில் அவன் ஒன்பதாம் வகுப்பில் சேர்வான், அதாவது இடைநிலைப் பாடசாலையின் முதல் ஆண்டு. இது ஒரு வகையில் அவனுடைய நல்ல காலம். எல்லாப் பிள்ளைகளும் அன்றுதான் புதிய கட்டடத்துக்குள் நுழைகிறார்கள். இங்கே ஓ.எல்., ஏ.எல். போன்ற பொதுப் பரீட்சைகள் இல்லை. நான்கு ஆண்டுகளில் 30 கிரெடிற்றுகள், அதாவது சித்தியடையும் பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகள், பெற வேண்டும். 2024 செப்ரெம்பர் முதல் ஒன்பதாம் வகுப்பைத் தொடங்கியவர்களுக்கு அவற்றில் 17 கட்டாயமானவை, 13 விருப்பத்துக்குரியவை. அத்துடன் 40 மணி நேரச் சமூக சேவையும், பத்தாம் வகுப்பு மொழியறிவுச் சோதனையில் சித்தியும் வேண்டும். ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள் அந்தச் சோதனையைப் பின்னர் எழுத அனுமதி கேட்கலாம். சமூக சேவையை நூலகத்திலோ கோயிலிலோ முதியோர் நிலையத்திலோ செய்யலாம், ஆனால் செய்த இடத்தில் கையொப்பம் வாங்கி வைக்கத் தவறக் கூடாது.

ஈ.எஸ்.எல். பற்றிய உங்கள் பயம் விளங்குகிறது. நம்மவர்கள் பலர் அதை ஓர் அவமானமாக நினைத்து, பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று, பாடசாலையில் சேரும் முன் நடக்கும் மதிப்பீட்டின்போதே வாதாடுகிறார்கள். இடைநிலையில் ஈ.எஸ்.எல். ஐந்து படிகளாக உள்ளது. அந்தப் படிகளில் பெறும் கிரெடிற்றுகளில் மூன்று வரை கட்டாய ஆங்கிலப் பாடத்துக்கான நான்கு கிரெடிற்றுகளில் சேர்த்துக்கொள்ளப்படும். ஆகவே அந்த வகுப்பில் செலவிடும் காலம் வீணாவதில்லை. நான்காவது கிரெடிற், பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலமாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் பார்ப்பதும் அதைத்தான். அந்த வகுப்பில் நீண்ட கட்டுரை எழுத முடியாத பிள்ளைதான் உண்மையில் தத்தளிக்கிறது. அந்தத் திறமையை ஈ.எஸ்.எல். ஆசிரியரிடம் பொறுமையாகப் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பான வழி.

பிள்ளை பின்தங்குவது வேறோர் இடத்தில், பெரும்பாலும் பெற்றோர் கவனிக்காத ஒரு தாளில். குளிர்காலத்தில், ஜனவரி, பெப்ரவரி அளவில், அடுத்த ஆண்டுக்கான பாடத் தெரிவுப் படிவம் வரும். ஒன்பதாம் வகுப்பில் கணிதம் 2021 முதலும் ஏனைய பாடங்கள் 2022 முதலும் பிரிவுகளற்றவையாக்கப்பட்டுவிட்டன. எல்லோரும் ஒன்றாகவே படிக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் பிரிவு தொடங்குகிறது. அங்கே கணிதத்தை எம்.பி.எம்.2டி என்ற குறியீட்டிலும் எடுக்கலாம், எம்.எவ்.எம்.2பி என்ற குறியீட்டிலும் எடுக்கலாம். பார்வைக்குச் சிறிய வேறுபாடுதான். முதலாவதை எடுத்த பிள்ளையே பதினோராம் வகுப்பில் பல்கலைக்கழக நோக்குள்ள எம்.சி.ஆர்.3யு பாடத்துக்கும், அதன் வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பின் உயர் சார்புகள், நுண்கணிதம் ஆகிய பாடங்களுக்கும் போக முடியும். பொறியியல், கணினி விஞ்ஞானம், வணிகம் எதற்குமே அந்த வரிசை வேண்டும். என் மைத்துனரின் மகன் வவுனியாவில் கணிதத்தில் வகுப்பில் முதலாவதாக வந்தவன். இங்கே ஆங்கிலம் போதாது என்ற காரணத்தால் இரண்டாவது வகைக் கணிதத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டான், பெற்றோரும் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். பதினோராம் வகுப்பில் வழி அடைபட்டிருப்பது தெரிந்த பின்னர், கோடைக்காலப் பாடசாலையில் பத்தாம் வகுப்புக் கணிதத்தை மீண்டும் எடுத்துத்தான் அவன் மீண்டான். மொழி தெரியாதது வேறு, கணிதம் தெரியாதது வேறு. உங்கள் மகனின் வழிகாட்டல் ஆசிரியரைக் கட்டாயம் நேரில் சந்தித்து, ‘இந்தப் பாடத்தை எடுத்தால் பன்னிரண்டாம் வகுப்பில் எவற்றை எடுக்க முடியாமல் போகும்?’ என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைத் தயங்காமல் கேட்கிற பெற்றோருக்குப் பாடசாலையின் தரவரிசை பெரிய பொருட்டல்ல.

அவனுடைய தேர்ச்சி அறிக்கைகள் அனைத்தையும் அதிபரின் முத்திரையுடன், ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டுவாருங்கள். ஆங்கிலம் தவிர்ந்த பாடங்களில், குறிப்பாகக் கணிதத்தில், அவன் எந்த நிலையில் நிற்கிறான் என்பதை மதிப்பிடுபவர்களுக்குக் காட்ட அவை உதவும்.

தேர்ச்சி அறிக்கை என்றதும் நினைவுக்கு வருகிறது. இங்கு வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற கணக்கே இல்லை. ஆரம்பப் பிரிவு அறிக்கையில் பாடப் புள்ளிகளுக்கு முன்னதாகவே பொறுப்புணர்வு, ஒழுங்கமைப்பு, தனித்துச் செயற்படல், கூடிச் செயற்படல், முன்முயற்சி, தன்னைத்தான் நெறிப்படுத்தல் என்னும் ஆறு திறன்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மிகச் சிறப்பு முதல் முன்னேற்றம் தேவை வரையான நான்கு எழுத்துகளில் ஒன்று இடப்பட்டிருக்கும். நம்மவர்கள் நேரே கணிதப் புள்ளிக்குப் போய்விடுவார்கள். கூடிச் செயற்படல் என்பதற்கு எதிரே முன்னேற்றம் தேவை என்று இருந்தால், பிள்ளை வகுப்பில் தனித்துப் போயிருக்கிறது என்பதை ஆசிரியர் நாகரிகமாகச் சொல்கிறார் என்று கொள்ளுங்கள். நவம்பரில் முதல் முன்னேற்ற அறிக்கையோடு ஆசிரியர் சந்திப்பு நடக்கும். தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே அலுவலகத்தில் சொன்னால் சபையே கட்டணமின்றி ஒழுங்கு செய்யும். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு அவனைப் பற்றிப் பேசாதீர்கள்.

மகளின் விடயம் இலகுவானது. 4 வயது நிறையும் ஆண்டிலேயே பாலர் வகுப்பு தொடங்குகிறது. முழுநாள், கட்டணமில்லை, ஆசிரியரோடு சிறுவர் கல்வியாளர் ஒருவரும் வகுப்பில் இருப்பார். விளையாட்டுத்தான் பாடம். எழுத்துக் கொப்பியைத் தேடி ஏமாற வேண்டாம். குளிர்காலத்தில் இடைவேளைக்கு வெளியேதான் விடுவார்கள். காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மறை 28 பாகையை எட்டினால்தான் முழுவதுமாக உள்ளே வைத்திருப்பார்கள். ஆகவே பனிக் காற்சட்டை, நீர் புகாத கையுறை, வகுப்புக்குள் அணியும் தனிச் சப்பாத்து ஆகியவற்றில் பெயர் எழுதி அனுப்புங்கள், அவற்றைத் தானே அணியவும் வீட்டில் பழக்குங்கள். வீடு 1.6 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேல் தொலைவில் இருந்தால் பாடசாலை பஸ் கிடைக்கலாம். இருவரும் வேலைக்குப் போவதானால் காலையிலும் மாலையிலும் உள்ள பராமரிப்புக்குப் பணம் கட்ட வேண்டும், அதற்குக் காத்திருப்போர் பட்டியலும் உண்டு. அதை இப்போதே விசாரியுங்கள்.

தடுப்பூசி விடயத்தில் அசட்டை வேண்டாம். பதிவுகளைப் பாடசாலையில் காட்டுவதோடு ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவுக்கும் அனுப்ப வேண்டும். குறை இருந்தால் பிள்ளையைத் தற்காலிகமாகப் பாடசாலையிலிருந்து நிறுத்த அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. 2010ஆம் ஆண்டிலோ அதன் பின்னரோ பிறந்த பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் தடுப்பூசியும் கேட்கப்படுகிறது. ஊரில் கிளினிக்கில் பதிந்து தந்த பதிவேட்டைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவாருங்கள், கப்பலில் வரும் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டாம்.

இன்னுமொரு விடயம். சபையின் அங்கத்தவர்களாக மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் தமிழர்களும் இருந்திருக்கிறார்கள். ஆனால் 2025 ஜூன் இறுதியில் நிதி நிலைமையைக் காரணம் காட்டி மாகாண அரசு சபையைத் தன் மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்து, முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தான் நியமித்த மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்தது. நாம் வாக்களித்தவர்களின் குரல் இப்படி ஒதுக்கப்பட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நடைமுறையில், குறை இருந்தால் முதலில் வகுப்பாசிரியர், பின்னர் அதிபர், அதன் பின்னர் அப்பகுதிக்குப் பொறுப்பான கல்வி அத்தியட்சகர் என்ற ஒழுங்கில் எழுத்து மூலம் போங்கள். ஒவ்வொரு பாடசாலையிலும் பெற்றோர் பேரவை உண்டு. அங்கே நம்மவர்களின் கதிரைகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கின்றன, நீங்கள் போய் அமருங்கள்.

தமிழைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தும் சொல்கிறேன். சபையே ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்புகளை நடத்துகிறது. இடைநிலையில் சனிக்கிழமைகளில் தமிழைப் படித்து அதற்குக் கிரெடிற்றும் பெறலாம். புதிய இடத்தில் எல்லாப் பாடத்திலும் தடுமாறும் உங்கள் மகன், வாரத்தில் ஒரு நாளாவது தான் சிறந்து விளங்கும் வகுப்பொன்றில் இருப்பது அவனுடைய மனத்துக்கு நல்லது.

ஜூலையிலும் ஓகஸ்டிலும் பாடசாலைகள் பூட்டியிருக்கும். இடைநிலைப் பாடசாலைகளின் அலுவலகங்கள் ஓகஸ்ட் கடைசிப் பகுதியில் திறக்கும். புதிதாக வந்த இடைநிலை மாணவர்களை அதற்கு முன்னரே சபையின் வரவேற்பு நிலையத்தில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் மதிப்பிடுவார்கள், அதற்கு நேரம் ஒதுக்கிப் பெற வேண்டும். வந்திறங்கிய கிழமையிலேயே வாடகை ஒப்பந்தம், கடவுச்சீட்டுகள், வதிவிட உரிமைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவேடு ஆகியவற்றோடு அந்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். செப்ரெம்பர் முதல் வாரம் வரை காத்திருந்தால் கணித வகுப்புகளில் இடங்கள் நிரம்பிவிடும்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஓர் அண்ணன்