தாமஸ் கோப்பை எப்படி வளர்ந்தது? அதே முறையில் நம் ஏரியாவில் போட்டி நடத்துவது எப்படி?

கேள்வி: தாமஸ் கோப்பையின் வரலாறு என்ன? வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டைப் பக்கத்து கிளப்புகளைச் சேர்த்து, எட்டு அணிகளுக்கு அதே முறையில் இறகுப்பந்துப் போட்டி நடத்தலாம் என்றிருக்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

தாமஸ் கோப்பை என்பது நாடுகளின் ஆண்கள் அணிகள் மோதும் இறகுப்பந்துப் போட்டி. அதில் முதலில் பார்க்க வேண்டியவர் அணியின் மூன்றாவது சிங்கிள்ஸ் ஆட்டக்காரர். கோப்பையின் முறை பலமுறை மாறி, இன்று பல வருடங்களாக அவர் கையில் வந்து நிற்கிறது. உங்கள் போட்டியில் தகராறு வந்தாலும் பெரும்பாலும் அவர் பெயரை எழுதும் இடத்தில்தான் வரும்.

கோப்பையைத் தந்தவர் சர் ஜார்ஜ் தாமஸ். ஆல் இங்கிலாந்து இறகுப்பந்துப் போட்டியில் சிங்கிள்ஸ், டபுள்ஸ், மிக்ஸட் (ஆண்-பெண் ஜோடி) எல்லாம் சேர்த்து 21 பட்டங்கள் வென்றவர். சதுரங்கத்திலும் இரண்டு முறை பிரிட்டிஷ் சாம்பியன். 1934-ல் சர்வதேச இறகுப்பந்துக் கூட்டமைப்பு தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். டென்னிஸுக்கு டேவிஸ் கோப்பை இருப்பதுபோல் இறகுப்பந்துக்கும் ஆண்கள் அணிப் போட்டி ஒன்று வேண்டும் என்று 1939-ல் கோப்பையை அறிவித்தார். உலகப் போர் குறுக்கே வந்ததால் முதல் போட்டி 1948-49-ல்தான் நடந்தது. இங்கிலாந்தின் பிரஸ்டனில் நடந்த இறுதியில் வோங் பெங் சூனின் மலாயா (பின்னாளில் மலேசியா) அணி டென்மார்க்கை 8-1 என்று வென்றது.

8-1 என்ற கணக்கைக் கவனியுங்கள். அப்போது இரண்டு அணிகளுக்கு இடையிலான ஒரு மோதலுக்கு ஒன்பது ஆட்டங்கள்: ஐந்து சிங்கிள்ஸ், நான்கு டபுள்ஸ், இரண்டு நாள். போட்டி மூன்று வருடத்துக்கு ஒருமுறை. 1964 வரை நடப்புச் சாம்பியன் நேராக இறுதியில் ஆடலாம். மற்றவர்கள் மண்டலம் மண்டலமாக ஆடி வந்து அவர்களைச் சந்திக்க வேண்டும். மலாயா 1949, 1952, 1955 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றது. 1958-ல் சிங்கப்பூரில் இந்தோனேசியா அவர்களை 6-3 என்று வீழ்த்தியது.

1967 இறுதி நல்லபடி முடியவில்லை. ஜகார்த்தாவில் மலேசியா 4-3 என்று முன்னால் நிற்கும்போது, கூட்டத்தின் கூச்சலில் ஆட்டத்தைத் தொடர முடியாமல் நடுவர் ஹெர்பர்ட் ஷீல் நிறுத்தினார். மீதியை நியூசிலாந்தில் ஆடச் சொன்னதற்கு இந்தோனேசியா மறுத்துவிட்டது. மலேசியா 6-3 என்று வென்றதாக அறிவித்தார்கள். 1970-ல் இந்தோனேசியா கோப்பையைத் திரும்பப் பிடித்தது. 1976, 1979 இறுதிகளில் 9-0 என்று துடைத்தெடுத்தது. 1982-ல் லண்டனில் முதன்முறையாகக் கலந்துகொண்ட சீனா, முதல் நாள் 1-3 என்று பின்தங்கி, மறுநாள் எழுந்து 5-4 என்று வென்றது. ஒன்பது ஆட்ட முறையின் கடைசி இறுதி அதுதான். முறைக்கு அதைவிட நல்ல வழியனுப்பு கிடைத்திருக்க முடியாது.

1984-ல் இன்றைய முறை வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போட்டி, மூன்று சிங்கிள்ஸ், இரண்டு டபுள்ஸ், ஒரே நாளில் முடிவு. பெண்களுக்கான ஊபர் கோப்பையும் கூடவே நடக்கத் தொடங்கியது. 1992-ல் கோலாலம்பூரில் சிடெக் சகோதரர்கள் இருந்த மலேசிய அணி வென்றது. பிறகு 1994 முதல் 2002 வரை ஐந்து முறை தொடர்ந்து இந்தோனேசியா, 2004 முதல் 2012 வரை ஐந்து முறை தொடர்ந்து சீனா.

அதன் பிறகு நடந்ததில்தான் மூன்றாவது சிங்கிள்ஸின் அருமை தெரிகிறது. 2014-ல் புது டெல்லியில் நடந்த இறுதியில் 2-2 என்று நின்றபோது, கடைசி ஆட்டமான மூன்றாவது சிங்கிள்ஸில் ஜப்பானின் டகுமா உவேடா மலேசியாவின் டேரன் லியூவை வென்று கோப்பையைக் கொடுத்தார். 2016-ல் சீனாவின் குன்ஷானில் அதே 2-2. டென்மார்க்கின் விட்டிங்ஹஸ் கடைசி ஆட்டத்தை வென்று, கோப்பையை முதன்முறையாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 2022-ல் பாங்காக்கில் இந்தியா காலிறுதியில் மலேசியாவையும் அரையிறுதியில் டென்மார்க்கையும் 3-2 என்று தாண்டியது. இரண்டு நாளும் கடைசிப் புள்ளியைக் கொண்டுவந்தவர் எச்.எஸ். பிரணாய். அந்த இரண்டு நாளும் முதல் சிங்கிள்ஸும் இரண்டாவது டபுள்ஸும் நமக்குத் தோல்வி. சாத்விக்-சிராக் ஜோடி, ஸ்ரீகாந்த், பிரணாய் என்ற மூன்று புள்ளிகளில்தான் அணி நின்றது. இறுதியில் லக்‌ஷ்யா சென், சாத்விக்-சிராக், ஸ்ரீகாந்த் மூவர் கணக்கிலும் வெற்றி. இந்தோனேசியாவை 3-0 என்று முடித்ததால் பிரணாய் இறங்கவே தேவைப்படவில்லை. 73 வருடக் கோப்பை வரலாற்றில் இந்தியாவின் முதல் பட்டம். அப்போது நம் மூன்று சிங்கிள்ஸ் வீரர்களும் உலகத் தரவரிசையில் 9, 11, 23 என்று நெருக்கமாக இருந்தார்கள். மூன்றாவது ஆள் 23-ஆம் இடத்தில் இருக்கிற அணியைத் தாண்டுவது எவருக்கும் கஷ்டம்.

இப்போது உங்கள் போட்டிக்கு வருவோம். ஐந்து ஆட்ட முறையை நான் பலமாகப் பரிந்துரைப்பேன். ஒருவர் ஒரு சிங்கிள்ஸ், ஒரு டபுள்ஸ் மட்டுமே ஆடலாம் என்பது விதி. வெளியிலிருந்து மாநில அளவு ஆட்டக்காரர் ஒருவரை அழைத்துவந்தாலும் அவரால் இரண்டு புள்ளிதான் எடுக்க முடியும். மூன்றாவது புள்ளியைக் கிளப்புப் பிள்ளைகள்தான் எடுத்தாக வேண்டும். நாலு பேர் இருந்தாலே ஓர் அணி இறங்கலாம் என்றாலும் ஆறிலிருந்து எட்டு பேரைப் பதியச் சொல்லுங்கள்.

மோசடி நடக்கும் இடம் ஆட்டக்காரர் வரிசை. பலமான ஆளை மூன்றாவதாக வைத்து, பலவீனமானவரை எதிரணியின் முதல் ஆளிடம் பலி கொடுத்தால் இரண்டு புள்ளி சுலபமாக வந்துவிடும். சர்வதேசப் போட்டியில் உலகத் தரவரிசைப்படிதான் வரிசை என்பதால் இதற்கு வழியில்லை. உங்களிடம் தரவரிசை கிடையாது. அதனால் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு அணியும் ஆட்டக்காரர்களைப் பலத்தின்படி 1, 2, 3 என்று எழுதித் தர வேண்டும். எல்லாப் பட்டியலையும் எல்லாக் கேப்டன்களுக்கும் அனுப்புங்கள். ஆட்சேபம் சொல்ல இரண்டு நாள் கொடுங்கள். அதற்குமேல் போட்டி முடியும்வரை வரிசை மாறக் கூடாது. டபுள்ஸில் ஜோடியை மாற்றலாம், ஆனால் எண்களைக் கூட்டிப் பாருங்கள்: 1-ம் 4-ம் சேர்ந்தால் 5, 2-ம் 5-ம் சேர்ந்தால் 7. குறைந்த கூட்டுத்தொகை உள்ள ஜோடிதான் முதல் டபுள்ஸ்.

ஆட்டங்களின் வழக்கமான வரிசை முதல் சிங்கிள்ஸ், முதல் டபுள்ஸ், இரண்டாவது சிங்கிள்ஸ், இரண்டாவது டபுள்ஸ், மூன்றாவது சிங்கிள்ஸ். முதல் சிங்கிள்ஸ் ஆடியவரே முதல் டபுள்ஸிலும் இருந்தால் மூச்சு வாங்க நேரமிருக்காது. அப்போது டபுள்ஸைப் பின்னால் தள்ளி, 30 நிமிடம் ஓய்வு கொடுங்கள். தகர ஷெட்டில், அதுவும் மதியத்தில், இதில் கஞ்சத்தனம் பார்த்தால் தசைப்பிடிப்பு நிச்சயம்.

நேரக் கணக்கைப் பலர் தப்பாகப் போடுகிறார்கள். எட்டு அணிகளை நாலு நாலாகப் பிரித்தால் லீக்கில் 12 மோதல், 60 ஆட்டம். லீக்கில் 3-0 ஆனாலும் ஐந்தையும் ஆடியாக வேண்டும். அணிகள் சமமாக நின்றால் ஆட்டம், செட், பாயிண்ட் என்று எண்ணித்தான் யார் மேலே என்று முடிவு செய்ய முடியும். 21 பாயிண்ட், மூன்று செட் வைத்தால் ஓர் ஆட்டத்துக்கு 40 நிமிடம். இரண்டு கோர்ட் இருந்தாலும் லீக்குக்கு மட்டும் 20 மணி நேரம். அதனால் லீக்கை ஒரே செட், 30 பாயிண்ட் என்று வையுங்கள், 15-ல் பக்கம் மாறட்டும். ஆட்டம் 20 நிமிடத்தில் முடியும். இரண்டு கோர்ட்டில் 10 மணி நேரம், சனிக்கிழமை போதும். ஞாயிறு அரையிறுதியும் இறுதியும் முழு மூன்று செட். அங்கே மூன்று புள்ளி வந்ததும் நிறுத்திவிடலாம்.

ஷட்டிலில்தான் பணம் கரையும். லீக்குக்கு ஆட்டத்துக்கு இரண்டு என்றால் 120, ஞாயிறு 15 ஆட்டத்துக்கு நாலு நாலு என்றால் 60. பன்னிரண்டு உள்ள டப்பாவாக 15 வேண்டும், சோதிக்க ஒன்று கூடுதல். சென்னை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்து ஷட்டில் வேகமாகப் பறக்கும். டப்பாவில் வேக எண் இருக்கும், எண் குறைந்தால் வேகமும் குறைவு. 77 வேகத்தை வாங்கினால் நல்ல கிளியர் (பின்கோட்டுக்கு உயரமாக அடிக்கும் அடி) எல்லாம் கோட்டுக்கு வெளியே போகும். 76 எடுங்கள், கோடை மதியம் என்றால் 75. நைலான் என்றால் பச்சைப் பட்டை போட்டதுதான் மெதுவானது. நீலம் நமக்கு வேகம் அதிகம். கடைசிக் கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடித்துப் பாருங்கள். எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் உள்ளே விழுந்தால் வேகம் சரி. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை சோதியுங்கள். இறகு நுனியை மடித்து வேகத்தைக் குறைக்கும் வேலையை ஆட்டக்காரர்களிடம் விடவே விடாதீர்கள்.

ராயபுரம், திருவொற்றியூர் போலக் கடற்கரையை ஒட்டிய இடங்களில் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும். ஷெட்டின் கிழக்குப் பக்கம் திறந்திருந்தால் தார்ப்பாய் கட்டுங்கள். முடியாவிட்டால் நாக்அவுட்டைக் காலையிலேயே தொடங்குங்கள்.

வலை கம்பத்தில் 1.55 மீட்டர், நடுவில் 1.524 மீட்டர். நாள் முழுக்க ஆடினால் நடுவில் தொங்கும், ஒவ்வொரு மோதலுக்கு முன்பும் அளந்து இழுத்துக் கட்டுங்கள். 2018 முதல் சர்வீஸில் அடிபடும் நேரத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். கம்பத்தில் அந்த உயரத்தில் கலர் டேப் ஒட்டி, அதே உயரத்துக்குக் கண்ணை வைத்து உட்கார்ந்து பார்க்க ஒருவரை நியமித்தால் டபுள்ஸில் பாதிச் சண்டை குறையும்.