பாகற்காய் பிடிக்க எத்தனை வயதாக வேண்டும்? சுவை பற்றிய வாசகர் கேள்விகள்

மூன்று வயது மகன் பாகற்காயை வாயில் வைத்ததும் துப்பிவிடுகிறான். “நானும் சின்ன வயசுல அப்படித்தான், தானா சரியாகிடும்” என்கிறார் கணவர். காத்திருக்கலாமா, பழக்க வேண்டுமா?

பழக்குங்கள், ஆனால் அவசரப்படாமல். பையன் அடம்பிடிக்கவில்லை, பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குக் கசப்பு தூக்கலாகத் தெரிவது உண்டு. கசப்பை அறிய நம் நாக்கில் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. செடிகளின் நச்சுப்பொருள்களில் பல கசப்பவை என்பதால், கண்டதை வாயில் போடும் வயதில் இந்தக் காவல் பலமாக இருப்பது நல்லதுதான். அதோடு 2 முதல் 6 வயது வரை புதிய உணவு எதைக் கண்டாலும் ஒரு பயமும் இருக்கும்.

நகம் அளவு ஒரு துண்டு போதும். மூன்று நாளைக்கு ஒருமுறை, அவனுக்குப் பிடித்த நெய்ச்சாதத்தின் ஓரத்தில் வையுங்கள். துப்பினால் விட்டுவிடுங்கள். எட்டு முதல் பதினைந்து முறையாவது வைத்துப் பார்க்காமல் ‘பிடிக்காது’ என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் நாலாவது முறையோடு நிறுத்திவிடுகிறார்கள். “இதைத் தின்னா சாக்லேட்” என்ற பேரம் மட்டும் கூடாது. அதில் சாக்லேட்டின் மதிப்புதான் ஏறும்.

சமையலிலும் பாதி வேலை இருக்கிறது. கால் கிலோ காயை மேல்முள் சீவி, விதை நீக்கி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்பில் பிசறி இருபது நிமிடம் வையுங்கள். பிறகு நன்றாகப் பிழிந்து, ஒருமுறை அலசிவிடுங்கள். உப்பு கசப்புச் சாற்றை வெளியே இழுக்கும். காயில் தங்கும் கொஞ்ச உப்பு நாக்கில் கசப்பை அமுக்கவும் செய்யும். உப்பில் ஊறவைக்காமல் வெல்லத்தை மட்டும் கொட்டினால் இனிப்பு தனியாக, கசப்பு தனியாக நிற்கும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில், மூடாமல், மிதமான தீயில் ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். மூடி வைத்தால் அது வெந்து குழைந்த கசப்பு. கடைசியில் சிறு நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், ஒன்றரை டீஸ்பூன் வெல்லம்.

ஒரு எச்சரிக்கை: சுரைக்காயோ வெள்ளரிக்காயோ கசந்தால் குழந்தையை வற்புறுத்தாதீர்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள். அது குக்குர்பிட்டசின் என்ற நச்சின் கசப்பு, சமைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்தவர்கள் இறந்ததும் உண்டு. நறுக்கியதும் நுனித் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு.

சின்ன வயதில் பத்து தேன்மிட்டாய் தின்றாலும் போதாது. இப்போது இரண்டிலேயே திகட்டுகிறது. உடம்பில் ஏதும் கோளாறா?

இல்லை. வளரும் பிள்ளைகள் பெரியவர்களைவிட அடர்த்தியான இனிப்பையே விரும்புவார்கள். பதின்பருவத்தின் நடுவில் அது இறங்கத் தொடங்கும். நாவு சர்க்கரையை அறிவது குறைந்துவிடவில்லை, விருப்பத்தின் அளவுகோல்தான் மாறியிருக்கிறது.

பள்ளி நாளில் முட்டை சாப்பிட்டு வாந்தி எடுத்தேன். வயது 28 ஆகியும் அந்த வாசனையே ஆகவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அன்று தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் ஏதாவது இருந்ததா? இருந்திருந்தால் அது ஒவ்வாமை. மருத்துவரிடம் பரிசோதிக்காமல் எதையும் முயலாதீர்கள்.

வெறும் வாந்திதான் என்றால் இது கற்றுக்கொண்ட வெறுப்பு. அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா 1950களில் எலிகளிடம் காட்டியது இதைத்தான்: சாப்பிட்டபின் உடம்பு கெட்டால், காரணம் அந்த உணவாக இல்லாவிட்டாலும், மூளை பழியை அதன்மேல் போட்டுவிடும். மற்ற பழக்கங்கள் போலப் பலமுறை தேவையில்லை, ஒரே தடவை போதும்.

முட்டை கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத வடிவத்தில் தொடங்குங்கள்: கேக், பிறகு மிளகு தூக்கலாகப் போட்ட முட்டை தோசை, அதன்பின் பொடிமாஸ். அவித்த முட்டை கடைசியில். நீர் கொதித்தபின் போட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்து உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். அதிகம் வெந்தால்தான் கந்தக வாடை கிளம்பும்; மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் வெந்தது அதிகம் என்று அர்த்தம்.

அப்பாவுக்கு 72 வயது, இரத்த அழுத்தம் உண்டு. எதை வைத்தாலும் “சப்புனு இருக்கு” என்று உப்பைக் கேட்கிறார்.

வயதானால் நாக்கைவிட மூக்குதான் அதிகம் தளர்கிறது. ‘ருசி’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனை. அது குறைந்ததும் கை உப்பைத் தேடுகிறது. எனவே வாசனையைக் கூட்டுங்கள். காலையில் தாளித்த குழம்பை மூன்று முறை சூடுபண்ணினால் மணம் ஆவியோடு போய்விடும். அவர் சாப்பிட உட்காரும் நேரத்தில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து மேலே ஊற்றுங்கள். இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது.

உப்பை ஒரே நாளில் பாதியாக்கினால் தட்டைத் தள்ளிவிடுவார். வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் குறைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் நாக்கு பழகிவிடும். இலக்கு, எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். அப்பளத்தை மறக்காதீர்கள்: உப்போடு அப்பளக்காரத்திலும் சோடியம் இருக்கிறது. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்து.

மாத்திரைப் பட்டியலையும் பாருங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் உலோகச் சுவை தரும். இரத்த அழுத்தத்துக்கான கேப்டோபிரில் சிலருக்குச் சுவையையே மாற்றும். வாயை உலரவைக்கும் மருந்துகளும் பல. நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மேலண்ணத்தை மூடும் பல்செட் சரியாகப் பொருந்துகிறதா என்பதும் பார்க்க வேண்டியது. வாசனை திடீரென்று போனால் அது முதுமை அல்ல, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

ஐந்து வயதுக் குழந்தை காரத்துக்கு அழுதால் தண்ணீர் கொடுக்கலாமா?

பாலோ தயிரோ கொடுங்கள். காரம் ஒரு சுவையே அல்ல, சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளை மிளகாயின் கேப்சைசின் தூண்டுவது. அது நீரில் கரையாது. பச்சை மிளகாயில் காரம் மிகுதியாக இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சதையில். அதைச் சீவி எடுத்துவிட்டுப் போட்டால் வாசனை இருக்கும், அழுகை குறையும்.